ஏழு சரணம் முடிந்தால்தான் தண்ணீர்

“ஓடிப்போறாரா? யாரு ஓடிப்போறா? நல்லா இருக்கே பேச்சு! ஓடிப்போறவர் பத்து நாளைக்கு முன்னாடியே தெரு முழுக்கச் சொல்லி வச்சுட்டு, ஒழுகுற குழாயை எல்லாம் வீடு வீடாத் தேடிச் சரிபண்ணிக் குடுத்துட்டா ஓடுவாரு?”

தையல்காரம்மாவின் குரல் இஸ்திரிக் கடையின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. இஸ்திரிக் கடைக்காரி மட்டும் லேசுப்பட்டவளா? சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“நானா கதை கட்டுறேன்? உங்க வீட்டுல வெள்ளத்தை விட்டாரு. அந்த அவமானம் தாங்காம கடல் தாண்டிப் போறாருன்னு ஊரே பேசுது.”

“ஊருன்னா யாரு? நீங்களும் உங்க இஸ்திரிப் பெட்டியுமா?”

“அவரு சம்சாரம் கூடப் போகலையாமே. அதுலயே தெரியலையா? வீட்டுக்குள்ள ஏதோ இருக்கு.”

“ஆமா, இருக்கு. அந்தம்மாவுக்கு ஆஸ்பத்திரியில ரிட்டயர் ஆக இன்னும் ஆறு மாசம் இருக்கு. முடிஞ்சதும் அடுத்த விமானத்துல ஏறிடுவாங்க. வெள்ளம் வந்தது யாரு வீட்டுல? என் வீட்டுல. நனைஞ்சது யாரு துணி? என் துணி. எனக்கே கோபம் இல்ல, உங்களுக்கு எங்கேருந்து வருது?”

இத்தனையையும் கேட்டுக்கொண்டு குழாய்க்காரர் அதே கடையில்தான் படுத்திருந்தார். கடையின் பின்பக்கம், துவைத்த போர்வைகள் குவிந்து கிடக்கும் மூலையில், தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். அவரை வரச்சொன்னதே இஸ்திரிக் கடைக்காரிதான். அவர் பின்வாசல் வழியாக வந்து அரைமணி நேரம் ஆகிறது. பேச்சு ருசியில் அவள் அதை அடியோடு மறந்துபோனாள்.

எழுந்து வந்து, “இதோ இங்கேதான் இருக்கேன், ஓடல” என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. புதிதாக ஒட்டிய குழாயை இரு கையாலும் பிடித்திருந்தார். பாட்டில் இரண்டாம் சரணம் பாதியில் இருந்தது. ஏழாம் சரணம் முடியாமல் அவர் வாயைத் திறந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒரே ஒரு முறை, ஏழில் ஐந்து மட்டும் பாடினார். அதனால் வந்ததுதான் இவ்வளவும்.

பாட்டுக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது.

அவருடைய கொள்ளுத்தாத்தா கிணறு வெட்டுகிறவர். கடல் தாண்டி வந்த லுத்தரன் மிஷனெரி ஒருவர் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டினார். கிணற்றிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் சுட்ட மண்குழாய் பதிக்க இவரை வேலைக்கு வைத்தார். ஒவ்வொரு குழாயையும் பொருத்திச் சாந்து பூசினால், அது இறுகுவதற்கு நேரம் விடவேண்டும். கடிகாரமோ ஊருக்கே ஒன்று, அதுவும் மிஷனெரி வீட்டுச் சுவரில். கொள்ளுத்தாத்தா ஒவ்வொரு தடவையும் மணி பார்க்க ஓடுவார், திரும்பி ஓடிவருகிற வேகத்தில் ஈரச் சாந்தை மிதித்துக் கெடுப்பார். இதைச் சன்னலில் நின்று பார்த்துப் பார்த்துச் சிரித்த மிஷனெரியின் மனைவிதான் வழி சொன்னாள். தங்கள் சபைப் பாட்டு ஒன்றில் ஏழு சரணம், ஆடி அசைந்து போகிற ராகம். அதைப் பாடி முடித்தால் சாந்து இறுகியிருக்கும். மிஷனெரியும் சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தப்புத் தப்பான உச்சரிப்பில் ஏழு சரணத்தையும் சொல்லிக்கொடுத்தார்.

குழாய் ஆஸ்பத்திரியைத் தொடுவதற்குள் கொள்ளுத்தாத்தா அந்தப் பாட்டை எத்தனை நூறு தடவை பாடினாரோ! முதல் நோயாளியின் குவளையில் தண்ணீர் விழுந்த அன்று, தானாகப் போய் ஞானஸ்நானம் கேட்டார். ஆசை காட்டி இழுத்தார்கள் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். வேண்டாம் என்று அவர் உட்கார்ந்துவிட்டால் நான்கு மாடு கட்டி இழுத்தாலும் நகராத மனிதர் அவர். பாட்டில் என்ன இருந்ததோ அதுதான் அவரை எழுப்பி நடத்தியது.

அன்றிலிருந்து நாலு தலைமுறையாக அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பாட்டுதான் கணக்கு. முட்டை வேக நாலு சரணம். சட்டையில் கறை ஊற மூன்று. மண்குழாய் போய் இரும்பு வந்தது, இரும்பு போய் பிளாஸ்டிக் வந்தது, சாந்து போய் டப்பாவில் பசை வந்தது. குழாய்க்காரர் கைப்பேசியும் வாங்கினார். ஆனாலும் பசை ஒட்டிய விரலால் அதை எங்கே தொடுவது? பசை பூசு, பொருத்து, பிடி, ஏழு சரணம் பாடு, பிறகு தண்ணீரைத் திற. அந்த ஒரு முறை தவிர, முப்பது வருஷத்தில் அவர் ஒட்டிய மூட்டு ஒன்றுகூட ஒழுகியதில்லை. தெருவில் அவருக்குப் பெயரே ‘ஏழு சரணம்’ என்று ஆகிவிட்டது.

பாடுவார் என்றால் வாய்விட்டு அல்ல. உதட்டுக்குள்ளேயே ஒரு முனகல். அவருடைய குறையே அதுதான். முப்பது வருஷம் ஊரில் உள்ள அடுக்களைகளிலெல்லாம் படுத்து எழுந்தவர், அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல ஆசை இல்லாமல் இல்லை. நிறைய இருந்தது. ஆனால் “குழாய் பார்க்க வந்தவன் மதம் பேசுறான்” என்று யாராவது முகம் சுளித்தால்? அந்தப் பயம். கோயிலில் போதகர், “போய்ச் சொல்லுங்கள்” என்று பிரசங்கம் செய்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி இருக்கையில் ஒரு கடிதம் வந்தது. எழுதியது மிஷனெரி பிறந்த ஊர்ச் சபை. ‘ஒரு காலத்தில் நாங்கள் ஆள் அனுப்பினோம். இப்போது நீங்கள் எங்களுக்கு ஒருவரை அனுப்புங்கள்’ என்று கேட்டிருந்தார்கள். பழைய போதகர் மனையை அவர்கள் ஒரு பொதுவீடாக மாற்றியிருந்தார்கள். பல நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள், தனியாகக் கிடக்கிறவர்கள் அங்கே வந்து சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அதில் நம் பேச்சு பேசுகிற குடும்பங்களே பத்துப் பதினைந்து. வீட்டுக் குழாய்கள் எல்லாம் ஓட்டை. வந்து சாப்பிடுகிறவர்களிடம் ஆண்டவரைப் பற்றிப் பேச ஆளும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருவர் வேண்டும், கைவேலை தெரிந்தவர், சாப்பாட்டு மேசையில் கூட உட்கார்ந்து விசுவாசத்தைச் சொல்லத் தெரிந்தவர். சனிக்கிழமைக்குள் பெயர் அனுப்ப வேண்டும்.

போதகர் நேராகக் குழாய்க்காரரைக் கூப்பிட்டார்.

“நீங்க போங்க.”

“குழாய்க்குன்னா இன்னைக்கே போறேன் ஐயா. பேசணும்னுல்ல போட்டிருக்கு.”

“பேசுங்க.”

“முப்பது வருஷமாப் பேசாதவன் ஐயா நான். குழாயில அடைப்புன்னா கம்பி விட்டு எடுத்துடலாம். இது தொண்டையில.”

போதகர் வற்புறுத்தவில்லை. “சனிக்கிழமை வரைக்கும் கதவு திறந்திருக்கு” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மனிதர் தட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மனைவி அதே மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். எத்தனையோ முகங்களைப் பார்த்துத் தேறியவள்.

“வேண்டாம்னு சொல்லிட்டு வந்தீங்கல்ல?”

“ஆமா.”

“பின்ன ஏன் இப்படி? வேண்டாதவன் சாப்பிடுவான். நீங்க சாப்பிடலையே.”

அவருக்குப் போகவேண்டும் என்று உள்ளே துடித்தது. கொள்ளுத்தாத்தாவுக்குச் சேற்றில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த மனிதரின் வீட்டில், தன் கையால் ஒரு குழாய் மாட்டவேண்டும். அந்த மேசையில் உட்கார்ந்து, “நீங்க குடுத்ததைத்தான் கொண்டுவந்திருக்கேன்” என்று சொல்லவேண்டும். சொல்ல வாய்தான் இல்லை.

இந்த நேரத்தில்தான் புதுப் பாட்டுப்புத்தகம் வேலையைக் காட்டியது. ஆராதனை நீளுகிறது, வீட்டுக்குப் போக நேரமாகிறது என்று சபையில் எல்லாருக்கும் குறை. பாட்டுகளைச் சுருக்கிப் புது அச்சு போடலாமா என்று சபைச் சங்கக் கூட்டத்தில் கேட்டபோது முதலில் கை தூக்கியவரே நம் குழாய்க்காரர்தான். காலைச் சாப்பாட்டை நினைத்துத் தூக்கினார். தன் பாட்டிலும் கத்தரிக்கோல் விழும் என்று அப்போது தோன்றவில்லை. விழுந்தது. நாலாம், ஐந்தாம் சரணங்கள் போயின. ‘சோகமாக இருக்கிறது’ என்பது காரணம். இரண்டு மாதம் குழுவோடு சேர்ந்து அப்படியே பாடிப் பாடி, மூன்றிலிருந்து ஆறுக்குத் தாவ அவருடைய நாக்கு பழகிவிட்டது.

வியாழக்கிழமை. தையல்காரம்மாவின் வீட்டில் பிரதான குழாய் வளைகிற முழங்கை மூட்டில் விரிசல். முன்னறையில் தையல் இயந்திரம், மேசை, வெட்டிய திரைச்சீலைகள். மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவளுடையது, மற்றது அவள் அக்காவுடையது. அக்கா இறந்து ஏழு மாதம் ஆகிறது. இருபது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தவர்கள், ஒருத்தி மிதிப்பாள், ஒருத்தி பொத்தான் கட்டுவாள், இருவரும் சேர்ந்து ஊரைக் கேலி பேசுவார்கள். அக்கா போனதிலிருந்து இவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை. கடவுளோடும் அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

குழாய்க்காரர் மூட்டை அறுத்து எடுத்தார், புதியதைப் பொருத்தினார், பசை பூசிப் பிடித்தார், முனகினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாக்கு தாவியது, ஆறு, ஏழு. கதவோரம் இருந்த வால்வைத் தாராளமாகத் திறந்தார்.

மூட்டு துப்பாக்கி போலத் தெறித்தது. தண்ணீர் உத்தரத்தில் அடித்துச் சிதறி அறை முழுக்கக் கொட்டியது. வெட்டுத் துணிகள் மிதந்தன. அளவுக் காகிதங்கள் கதவுக்கு அடியில் தெருவுக்குப் பயணம் போயின. தையல்காரம்மா இயந்திரத்தைத் தூக்கவில்லை, துணியைத் தூக்கவில்லை. பாய்ந்துபோய் அக்காவின் நாற்காலியைத்தான் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். வால்வை மூடிவிட்டுத் திரும்பிய குழாய்க்காரர் அதைப் பார்த்தார்.

இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நின்றார்கள்.

“என்னண்ணா இது? மணி பாக்கலையா?”

“பாட்டு பார்த்தேன்மா.”

“என்ன?”

“ரெண்டு சரணம் விட்டுப்போச்சு.”

அவள் அவரையே பார்த்தாள். தலையில் ஒரு பச்சைத் திரைத்துணி ஒட்டிக்கொண்டு, கையில் குழாய் திருகும் ரிஞ்சோடு, பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி நின்றார். அவளுடைய உதடு கோணியது. பிறகு வயிற்றிலிருந்து கிளம்பியது சிரிப்பு. நாற்காலியைக் கீழே வைத்து அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏழு மாதச் சிரிப்பும் ஒரேயடியாக வந்தது. அவரும் சிரித்துவிட்டார். துணிகளைப் பிழிந்து சன்னலிலும் கதவிலும் காயப்போட்டபடியே இருவரும் விட்டு விட்டுச் சிரித்தார்கள்.

தரையைத் துடைத்து முடிக்கும்போது அவள் கேட்டாள்: “என் வீட்டையே குளமாக்கின சரணம். அதுல அப்படி என்னதான் இருக்கு?”

முப்பது வருஷமாக அவர் பயந்த கேள்வி. அவராகப் பேச்சை எடுக்கவில்லை. அவளே கேட்டுவிட்டாள். முதலில் வழக்கம்போலக் கால்விரலைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

“எனக்குப் பேச வராதும்மா. தெரிஞ்சதைச் சொல்றேன். நாலாவது சரணத்துல ஒரு வீடு வரும். துக்கத்துல ஒருத்தர் உள்ள தாழ் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஆண்டவர் வந்து, ஏன் அழறேன்னு கேக்க மாட்டாரு. அழாதேன்னும் சொல்ல மாட்டாரு. பக்கத்துல வந்து உக்காந்துக்குவாரு. அவ்வளவுதான். எங்கப்பா போன அன்னைக்கு நான் இதைத்தான் பாடினேன். அதைத் தாண்டிப் பாட முடியல.”

“அஞ்சாவது?”

“சாவுங்குற பள்ளத்துல நமக்கு முன்னாடி அவரே இறங்கிப் பார்த்துட்டாரு. அதனால யாரும் அங்க தனியா இறங்க வேண்டியதில்ல. எதிர்க்க கைபிடிக்க ஆள் நிக்குது. மூணாம் நாள் மேல ஏறி வந்தவரு, ஏறி வர வழி தெரிஞ்சவரு.” மூச்சு வாங்கினார். “இது எனக்கு நிஜம்மா. பாட்டுல இருக்குறதால சொல்லல. ஒவ்வொரு மூட்டையும் புடிச்சுக்கிட்டு இதை நம்பித்தான் படுத்திருக்கேன்.”

அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு அக்காவின் நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். ஏழு மாதமாக யாரையும் உட்காரவிடாத நாற்காலி.

“நின்னுக்கிட்டே சொன்னா எப்படி? உக்காருங்க. அந்த ரெண்டையும் பாடுங்க. வாய்விட்டுப் பாடணும், கொசு மாதிரி முனகக் கூடாது.”

ஈர நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். குரல் ஒன்றும் பெரிய குரல் இல்லை, பழைய வால்வு மாதிரி கரகரத்தது. அவள் மறுபடி கேட்டாள், மறுபடி பாடினார். பிறகு எழுந்து மூட்டைச் சரியாக ஒட்டி, ஏழு சரணத்தையும் உரக்கப் பாடி, தண்ணீரைத் திறந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அங்கிருந்து நனைந்த சட்டையோடு நேராகப் போதகர் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நின்று, “ஐயா, என் பேரை எழுதுங்க. அடைப்பு போயிடுச்சு” என்றார். “அப்புறம் அந்த ரெண்டு சரணத்தையும் புத்தகத்துல திரும்பப் போடுங்க. கை தூக்கினது தப்பு.” அடுத்த ஞாயிறு சபை ஏழு சரணத்தையும் பாடியது. பசியோடு முணுமுணுத்தவர்களும் பாடினார்கள். கடைசிப் பெஞ்சில், சபையில் சேராத, சேருவேன் என்றும் சொல்லாத தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். “பாட்டு சரியா வருதான்னு பாக்க வந்தேன். என் வீடுதானே நனைஞ்சது?” என்றாள். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இதுதான் நடந்தது. இதை விட்டுவிட்டு அவமானம், ஓட்டம் என்று இஸ்திரிக் கடைக்காரி நீட்டிக்கொண்டிருந்தாள்.

“சரி, ஓடலன்னே வச்சுக்குவோம்” என்று அவள் இழுக்கும்போது, போர்வைக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஏழாம் சரணத்தின் கடைசி வரி எழுந்தது. அவள் கையிலிருந்த பெட்டி சட்டையிலேயே நின்றது. குழாய்க்காரர் தொட்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

“தண்ணியைத் திறந்து பாருங்கம்மா. நான் ஓடுறதுக்கு முன்னாடி பாத்துடுவோம்.”

அவள் முகத்தில் சட்டையைவிட அதிகமாகச் சூடு ஏறியது. தையல்காரம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சட்டை கருகுது, சட்டை!” என்று கத்தினாள். அந்தச் சட்டை யாருடையது என்றால், குழாய்க்காரருடையதுதான், பயணத்துக்காகக் கொடுத்தது. பெட்டி வைத்த இடம் கருகிவிட்டது. தையல்காரம்மா அதன்மேல் ஒரு பை வைத்துத் தைத்துக்கொடுத்தாள். பென்சில் வைக்க வசதியாகப் போயிற்று.

கிளம்புகிற நாள் காலை நல்ல வெயில். ஒரு பெட்டியில் உடுப்பு, ஒரு பையில் ரிஞ்சும் ரம்பமும். குளிர் நாடு என்று மனைவி இரண்டு கம்பளிச் சட்டை திணித்தாள்.

“அங்க போய் யார் வீட்டையும் குளமாக்காதீங்க.”

“கேட்டாங்கன்னா ஆக்குறேன்.”

“ஆறு மாசத்துல வந்து எண்ணிப் பாப்பேன், எத்தனை வீடுன்னு.” சிரித்துக்கொண்டே சொன்னவள், அவருடைய சட்டைப் பையில் பென்சிலைச் செருகி, பையின்மேல் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். “போங்க. உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு வந்தது திரும்பிப் போகுது. நான் ஏன் அழப்போறேன்?” அழுதாள். அதுவும் சிரிப்போடுதான்.

தெருவில் பெட்டியைத் தூக்க நான், நீ என்று போட்டி. கடைசியில் இஸ்திரிக் கடைக்காரியின் கணவர் தூக்கினார். அவளே அனுப்பியிருந்தாள். ஓடிப்போகிற மனிதருக்குப் பெட்டி தூக்க யாராவது ஆள் அனுப்புவார்களா?

குழாய்க்காரர் வாசற்படியில் நின்றார். உள்ளே அடுக்களைக் குழாயை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சொட்டவில்லை. வலது காலை வெளியே வைத்தபோதே முதல் சரணத்தைத் தொடங்கினார், வாய்விட்டு. கையசைத்தவர்களுக்குத் தலையசைத்தார், பாட்டை நிறுத்தவில்லை. இஸ்திரிக் கடை தாண்டும்போது இரண்டாம் சரணம். திருப்பத்துக்குச் சற்று முன்னால் மூன்று முடிந்தது.

நாலாவதற்கு அவர் மூச்சு எடுப்பதற்குள், தையல்காரம்மாவின் சன்னலிலிருந்து அதே சரணம் கிளம்பியது. இயந்திரத்தின் கடகடப்புக்கு நடுவே, ராகம் கொஞ்சம் அப்படி இப்படி, ஆனால் வார்த்தை ஒன்று தப்பவில்லை.

அவர் நிற்கவில்லை. கடைசி வரியில் அவளோடு சேர்ந்துகொண்டு, ஐந்தாவதைத் தானே எடுத்துக்கொண்டு, திருப்பத்தில் திரும்பினார்.